எடைக்கல்லை எடுத்துக் கொடுத்தவள்

ஈசிஆரிலும் ஓஎம்ஆரிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில், ஆய்வகங்களில் பேப்பர் போட்டுக்கொண்டிருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு,

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். "மேடம், என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு ஒரு பிரிண்ட் எடுத்துத் தர்றீங்களா?" என்று நூலகக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டிருப்பீர்கள். நானும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தைத் திறந்து, பெயரைப் போட்டு, ஒரே பெயரில் இருக்கும் நாலு பேரில் உங்களைப் பொறுக்கி எடுத்து, தாளை நீட்டியிருப்பேன். முப்பத்தோரு வருஷம் மருத்துவக் கல்லூரி நூலகங்களில் அந்த வேலை. இப்போது கோவளத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறேன். காலையில் கடற்கரை, மாலையில் திண்ணை.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். போன மாதம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன். ஒரு காதணி விழா பேனருக்கும் ஒரு மனைப்பிரிவு விளம்பரத்துக்கும் நடுவே, கோட்டு போட்ட ஏழெட்டு முகங்கள். உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்பெற்ற பேராசிரியர்களுக்கு வாழ்த்து. பக்கத்தில் காலிக் கூடையோடு நின்ற மீன்கார அக்கா என்னைக் கேட்டார்: "இவங்கள்லாம் எலெக்‌ஷன்ல நிக்கறாங்களா?"

இல்லை, இவர்கள் ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள், உலகத்திலேயே முதல் 2 சதவீதத்தில் வந்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்படியா. இன்னா கண்டுபுடிச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த முகங்களில் இரண்டு பேருடைய பட்டியலை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று இன்றைக்கும் தோராயமாகச் சொல்வேன். என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் எண்ணிக் கொடுத்தவளுக்கு அதைப் படிக்கத் தோன்றவில்லை, அதைத்தான் சொல்கிறேன். ஆகவே இந்த மடலில் உங்கள் மேல் உள்ள குறைக்கு முன்னால் என் தொழில் மேல் உள்ள குறையைச் சொல்லிவிடுகிறேன். அந்த எடைக்கல்லை உங்கள் கையில் எடுத்துக் கொடுத்தது நூலகர்கள்தான்.

மேற்கோள்களை எண்ணும் பழக்கம் பிலடெல்பியாவில் இருந்த யூஜின் கார்ஃபீல்டு என்பவரால் பரவியது. 1955இல் சயன்ஸ் இதழில் யோசனையை எழுதினார். 1964இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. பழைய தீர்ப்பு ஒன்றை அதற்குப் பிறகு எந்தெந்த வழக்கில் எடுத்தாண்டார்கள் என்று பார்க்க அமெரிக்க வக்கீல்களிடம் ஒரு புத்தக வரிசை இருந்தது. அதே வழியை அவர் அறிவியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் அதன் அடிக்குறிப்பு வழியே பின்னால் போகலாம். அதை எடுத்தாண்டவர்கள் வழியே முன்னாலும் போகலாம். தேடுவதற்கான கருவி அது.

இம்பேக்ட் ஃபாக்டரும் அந்தப் பட்டறையில் பிறந்ததுதான். ஓர் இதழ் முந்தைய இரண்டு வருஷங்களில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க என்னைப் போன்றவர்களுக்கு அது உதவியது. கல்லூரி நிர்வாகம் பட்ஜெட்டை வெட்டும்போதெல்லாம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் மன்றாடியிருக்கிறேன். இதழை நிறுக்க வைத்திருந்த தராசில் ஆளை எப்போது ஏற்றினார்கள் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஒரு நாள் நேர்முகத் தேர்வுக்கு வந்தவருடைய கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் இதழின் இம்பேக்ட் ஃபாக்டரைக் கூட்டி மொத்தம் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன். மூன்று தசம இடம் வரை.

2005இல் கலிபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்த பிறகு என் வேலை இன்னும் சுலபமாயிற்று. பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து மேற்கோள் இருந்தால் உங்கள் எண் பத்து. பதினொன்றாவது கட்டுரை உலகத்தையே புரட்டிப்போட்டாலும் எண் மிஞ்சிப்போனால் ஒன்றுதான் ஏறும். ஒரே ஒரு கட்டுரை எழுதி அதற்கு ஐம்பதாயிரம் மேற்கோள் வந்திருந்தால் உங்கள் எச்-இண்டெக்ஸ் ஒன்று. பதவி உயர்வுக் குழுவில் யாராவது இதை உட்கார்ந்து யோசித்தார்களா என்று தெரியாது.

நம்மவர் பெருமை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நூலகக்காரி வேறெங்கே சொல்ல முடியும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்தில் நடப்பதையெல்லாம் எண்ணி அளக்கும் கலைக்கு 1948இலேயே லைப்ரமெட்ரி என்று பெயர் வைத்துவிட்டார். அவர் எண்ணச் சொன்னது புத்தகம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதற்காக. 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான்.

சரி, எண்ணிக்கைக்கும் வேலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்று பார்க்க எல்லாப்ரகடா சுப்பாராவை விட நல்ல ஆள் கிடையாது. முதலாண்டு பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகலில் அம்மோனியம் மாலிப்டேட் ஊற்றி, நீலம் வருகிறதா என்று டெஸ்ட்யூபைத் தூக்கிப் பார்த்திருப்பீர்களே, அந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையின் பாதிப் பெயர் அவருடையது. 1925இல் வந்த கட்டுரை. நூறு வருஷமாகியும் மேற்கோள் விழுந்துகொண்டேயிருக்கிறது.

1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி பேச்சைக் கேட்டுக் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்க வேண்டியவருக்கு அதற்குக் கீழான எல்எம்எஸ்தான் கிடைத்தது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அரசு மருத்துவச் சேவையில் சேர முடியாமல், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1922இல் பாஸ்டனுக்குப் போய், இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவி, பகலில் படித்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து அவர் செய்தவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன: பாஸ்பரஸ் அளக்கும் முறை, 1927இல் தசையில் பாஸ்போகிரியாட்டின், பிறகு ஏடிபி. ஆனால் அங்கே அவருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்க் வெளியே விடாததால் பல வருஷம் கழித்து வேறு ஆட்களால் மறுபடி கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்று அதே ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். ஹிட்சிங்ஸ் 1988இல் நோபல் வாங்கியவர், பொறாமையில் பேச வேண்டிய அவசியம் இல்லாதவர்.

1940இல் சுப்பாராவ் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கிருந்து வந்தது ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதுதான். அவருடைய சகோதரர்கள் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் கேட்டது. அந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றியதில் அமினாப்டெரின் வந்தது, அதன் தம்பியாக மெத்தோடிரெக்சேட் வந்தது. 1948 ஜூனில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினாப்டெரின் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாவது நோய் தணிந்ததை எழுதினார். கீமோதெரபியின் தொடக்கமாக எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. ஆசிரியர்கள் ஐந்து பேர். சுப்பாராவ் பெயர் அதில் இல்லை. மருந்து மட்டும் அவர் குழுவிடமிருந்து போனது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். வயது 53.

அவரைத் தேடி நான் ஸ்கோபஸுக்குப் போக வேண்டியதில்லை, வாசலுக்குப் போனால் போதும். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு யானைக்கால் மாத்திரை தெரியும். சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து, உள்ளங்கையில் மூன்று டிஇசி, ஒரு அல்பெண்டசோல் வைத்து, "எம் முன்னாலயே முழுங்கணும்மா" என்று நிற்பார். அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றால் நகரமாட்டார். எங்கள் தெருவில் ஒருவர் வாயில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்த் துப்பியதைக் கண்டுபிடித்து மறுபடி கொடுத்தார்கள். அந்த டிஇசி, 1947இல் லெடர்லியில் இருந்து வந்தது. அந்தக் கட்டுரையில் ஆறு பெயர்கள், கடைசிப் பெயர் சுப்பாராவ். 2004க்குப் பிறகு நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேர் விழுங்கிய மாத்திரை. ஒவ்வொரு விழுங்கலையும் ஒரு மேற்கோளாகக் கணக்கு வைத்தால் எந்த 2 சதவீதக்காரரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

மேற்கோள் வர வேண்டிய நேரத்தில் வராமல் போவதும் உண்டு. கல்கத்தாவில் சம்புநாத் தே 1959இல் நேச்சரில் இரண்டு பக்கம் எழுதினார். காலராக் கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் திரவத்தை முயலின் குடலில் விட்டாலும் குடல் நீரைக் கொட்டுகிறது, ஆகவே ஆளைக் கொல்வது கிருமி விடும் நஞ்சு என்று காட்டினார். வருஷக்கணக்கில் அதை யாரும் சீண்டவில்லை. இங்கே எந்த அகாடமியும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985இல் இறந்தார். அடுத்த வருஷம், மேற்கோள் கணக்கின் தகப்பனான அதே கார்ஃபீல்டு, தன் வரைபடங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்த ஆளை உலகம் தவறவிட்டுவிட்டது என்று கட்டுரை எழுதினார். அந்த மட்டில் கருவி நல்ல வேலையும் செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு விநோதம் ஜி. என். ராமச்சந்திரன் விஷயத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட படம், புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்கவே முடியாது என்று காட்டுகிறது. இன்று புரத வடிவத்தைத் தீர்மானிக்கிற எவரும் ராமச்சந்திரன் பிளாட் போட்டுப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. ஆனால் அந்தப் பெயரை எழுதுகிறவர்களில் பலர் மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் போடுவதேயில்லை. ஆஸ்பிரின் என்று எழுதும்போது யாரையும் மேற்கோள் காட்டுகிறோமா? அதுபோல ஆகிவிட்டது. பேர் பொதுச்சொல் ஆனதும் கணக்கில் இருந்து கழன்றுவிடுகிறது.

இவையெல்லாம் தனி ஆட்கள். எனக்கு இவர்களைவிடப் பிடித்தது ஆசிரியர் பெயரே இல்லாத இரண்டு கட்டுரைகள். இரண்டும் நம் மண்ணில் எழுதியவை.

முதலாவது சேத்துப்பட்டில். 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்பதுதான் உலக மருத்துவம். சென்னையில் அத்தனை பேருக்குப் படுக்கை ஏது? 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து ஓட்டு வீட்டுக்கும் குடிசைக்கும் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் நெரிசல், சத்துக் குறைந்த சாப்பாடு, ஓய்வும் குறைவு. பலனில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அது வந்தது, உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. ஆசிரியர் பெயர் என்று போட்டிருப்பது: காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், மதராஸ். அவ்வளவுதான். எந்த டாக்டரின் எச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது.

இரண்டாவதில் நம் மாவட்டத்தின் பெயரே இருக்கிறது. பிசிஜி ஊசியைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சிங்கில்புட் டிரயல் என்று ஒரு பத்தி வரும். வேலை நடந்தது அன்றைய பெரிய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கத்தில். இன்றைய மாவட்டக் கோட்டுக்கு அது வெளியே போய்விட்டது, பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. 1968இல் தொடங்கினார்கள். 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். 2,81,161 பேருக்கு ஊசி. யாருக்கு பிசிஜி, யாருக்கு வெறும் திரவம் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து வருஷம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை ஊர் ஊராக எக்ஸ்ரே, சளி. செல்போன் இல்லாத காலம். கதிரறுப்புக்குப் போனவரை, கல்யாணமாகிப் போனவளை, பட்டணத்துக்கு வேலை தேடிப் போனவரைத் தேடிப்பிடித்து டப்பாவில் சளி வாங்கினார்கள். தலைமுறையாக அந்த வேலை பார்த்த களப்பணியாளர்களின் பெயர் எந்த அடிக்குறிப்பிலும் இல்லை.

முடிவு என்ன தெரியுமா? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. முதல் அறிக்கை 1979இல் வந்தபோதே பூஜ்யம். 1999இல் வந்த பதினைந்து வருஷக் கணக்கிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறு பிள்ளைகளிடம் 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்களை அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், தோளில் தழும்பு இருக்கிறது. ஆனால் ஒரு சமுதாயத்தின் காசநோயையே அந்த ஊசியால் ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை செங்கல்பட்டில் உடைந்தது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் வழிகாட்டியிடம் போய், "சார், பதினைந்து வருஷம் வேலை செய்யலாம்னு இருக்கேன், கடைசியில இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதுவேன், பேரு போடமாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

சிரிக்காதீர்கள். ஆராய்ச்சியில் "இல்லை" என்ற விடைக்கு இருந்த மரியாதை போய்விட்டதை நான் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மருந்து வேலை செய்யவில்லை என்ற ஆய்வறிக்கைகள் அலமாரியிலேயே இருந்துவிடும். வேலை செய்தது என்றால் மூன்று கட்டுரையாக வெளிவரும். ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, தலை ஒரு மீன், நடுத்துண்டு ஒரு மீன், வால் ஒரு மீன் என்று கணக்கெழுதுவது போல. ரத்த அழுத்தம் ஒரு பேப்பர், அதே ஆட்களின் சர்க்கரை இன்னொரு பேப்பர், இரண்டும் சேர்ந்தது மூன்றாவது.

பெயர்ப் பட்டியலும் அப்படித்தான். துறைத்தலைவர் பெயர் இல்லாமல் வெளியே போக முடியாது. போன வாரம் சேர்ந்த நண்பனுக்கு இரண்டு பேப்பர் குறைகிறது என்று அவன் பெயர். இந்தப் பேப்பரில் உன் பெயர், அடுத்த பேப்பரில் என் பெயர் என்று மொய் மாதிரி. மொய்யிலாவது நோட்டுப் போட்டுக் கணக்கு இருக்கும். நானும் யோக்கியம் இல்லை: தேடிக் கொடுத்ததற்காக ஒரு தடவை என் பெயரையும் நாலாவதாகப் போட்டிருந்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டுரையை இன்றுவரை முழுசாகப் படிக்கவில்லை. ஒன்பது மேற்கோள்.

மேற்கோளையும் பயிர் செய்யலாம். 2023 ஜூனில் சயன்ஸ் இதழ் சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றி விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் அந்தக் கல்லூரியின் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டி, அதனால் எண் ஏறி, தரவரிசையும் ஏறியது என்பது குற்றச்சாட்டு. கல்லூரி மறுத்தது. தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று நூலகத்துக்கு வந்த ஓர் இளம் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெரிஞ்சே பண்றாங்களா மேடம்?" என்று அதிர்ச்சி அடையவில்லை. "இவ்வளவு ஈசியா மேடம்?" என்றுதான் கேட்டார்.

அந்த 2 சதவீதப் பட்டியலைப் போட்ட ஸ்டான்ஃபோர்டு ஜான் அயோனிடிஸ், 2019இல் அதை முதலில் வெளியிட்டபோதே தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதைக் கழித்துப் பார்க்கத் தனிக் கட்டம் வைத்தார். அந்தக் கட்டத்தைப் பேனர் அடிக்கிறவர்கள் பார்ப்பதில்லை. பேனரில் இடமும் இருக்காது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக இத்தனை கட்டுரை என்று விதி இருக்கிறது. காலையில் ஓபி, மதியம் வகுப்பு, இரவில் டியூட்டி, நடுவில் எங்கே ஆராய்ச்சி? பிஎச்டி முடிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யூஜிசி 2022இல் எடுத்துவிட்டது, ஆனால் பல கல்லூரிகள் எடுக்கவில்லை. பணம் கட்டினால் ஏழே நாளில் போடுகிறோம் என்று இதழ்கள் மின்னஞ்சல் அனுப்பும்போது, வீட்டுக் கடனும் பிள்ளையின் ஸ்கூல் பீஸும் இருக்கிற ஒருவர் என்ன செய்வார் என்று எனக்குப் புரிகிறது. விதி எழுதியவர்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும். அவர்கள் திண்ணைக்கு வரமாட்டார்கள், நீங்கள் வருவீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களிடம் எனக்குச் சொந்தமாக ஒரு மனக்குறை இருக்கிறது. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் குப்பத்தில் ஒரு முகாம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த நேரம். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வரிசையில் உட்கார வைத்து, இடுப்பை டேப்பில் அளந்து, விரலில் குத்தி, கையில் இருந்து ஒரு டியூப் ரத்தமும் எடுத்தார்கள். நாற்பது கேள்வி. உப்புக் கருவாடு வாரத்துக்கு எத்தனை நாள் என்பதும் ஒன்று. "எத்தினி நாளா? கருவாடு இல்லாத நாளைக் கேளு" என்று அக்கா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ரிசல்ட் சீட்டு ரெண்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

வரவில்லை. வருஷம் ஒன்றரை கழித்து, வேறு ஏதோ தேடும்போது அந்தக் கட்டுரை என் கண்ணில் பட்டது. ஊர் பெயர் இல்லை. தென்னிந்தியாவின் ஒரு கடற்கரைக் கிராமம். உப்புக் கருவாடு கேள்வி அப்படியே பட்டியலில் இருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஆட்களின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று ஊரை மறைத்தால் அதில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஏழு ஆசிரியர்கள். அதில் நாலு பேரைத்தான் அன்று குப்பத்தில் பார்த்த நினைவு. மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம் அதிகம், அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது என்று எழுதியிருந்தார்கள். தெரியாது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களிடம் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரைக்கு அப்போது இரண்டு மேற்கோள். இரண்டும் அவர்களே போட்டுக்கொண்டது.

ஆய்வின் பலன் ரத்தம் கொடுத்தவர்களுக்கும் திரும்ப வேண்டும் என்பதை ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கும். அதில் எல்லோரும் ஆம் என்று டிக் போடுவார்கள். நானே அந்தப் படிவங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கடற்கரையில் காலை ஏலத்தைப் பாருங்கள். படகு வந்து கூடை இறங்கியதும் வியாபாரிகள் எடையைக் கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பா, வெளுத்ததா. அப்புறம்தான் விலை பேச்சு. உங்களில் எத்தனை பேர் மேற்கோள் காட்டும் கட்டுரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள்? சுருக்கத்தை மட்டும் படித்து எடுத்துப் போட்டதால், தவறான வருஷமும் தவறான பக்க எண்ணும் ஒருவர் அடிக்குறிப்பில் இருந்து இன்னொருவர் அடிக்குறிப்புக்கு அப்படியே தொற்றிக்கொண்டு போவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒருவர் செய்த எழுத்துப் பிழையை ஒன்பது பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

பெரிய சபதம் எதுவும் கேட்கவில்லை. படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள். வேலை செய்யாதவர் பெயரைப் போடச் சொன்னால், உடனே மறுக்க முடியாவிட்டாலும், அவர் என்ன செய்தார் என்று இதழ் கேட்கும் இடத்தில் பொய் எழுதாதீர்கள். காலியாக விடுங்கள், அவரே நிரப்பட்டும். முடிவு "இல்லை" என்று வந்தால் அதையும் வெளியே அனுப்புங்கள். அப்புறம், ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். சங்கேதம், பர்சன்ட், பி-வேல்யூ ஒன்றும் வேண்டாம். "உங்கள் ஊரில் இத்தனை பேருக்கு இது இருக்கிறது, இவர்கள் கோவளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று இருந்தால் போதும். எழுத வரவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். நூலகத்தில் சந்தா இல்லாவிட்டாலும் எனக்கு இன்னும் கை ஓடுகிறது.

மீன்கார அக்கா பேனரைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அந்த ரிசல்ட் சீட்டைப் பற்றி இன்னும் கேட்கிறார். போன வாரம்கூட, சங்கராவை நறுக்கிக்கொண்டே, "எம் ரத்தத்துல இன்னா இருந்துச்சாம், அந்தப் பசங்க சொன்னாங்களா?" என்றார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அழுத்தம் பார்த்தேன். 170க்கு மேல். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம் ஏழரைக்கெல்லாம் முடிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். வரிசையில் உட்கார வைக்க நான் உதவுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
கோவளம்